எடுக்க முடியாத ஆறு லீற்றர்

இரண்டு தாங்கியும் நிறைந்தால் தொண்ணூற்றெட்டு லீற்றர்.
கணக்கில் எழுதுவது தொண்ணூற்றிரண்டு.
மீதி ஆறும் குழாய் வாய்க்குக் கீழே கிடக்கிறது:
காசு கொடுத்து வாங்கியது,
போகுமிடமெல்லாம் சுமப்பது,
எஞ்சினின் உதட்டில் ஒருநாளும் படாதது.

எரிபொருள் கணக்கை நான்
ரத்மலானையில் படித்தேன் என்பது பொய்.
பெற்றோல் வரிசை வெள்ளவத்தையில் தொடங்கி
பம்பலப்பிட்டி தாண்டி வளைந்த அந்த ஆனி மாதம்
சிவப்பு மாருதிக்குள் இரண்டு இரவு படுத்து,
வரிசை அசைந்தபோதெல்லாம்
சாவியைத் தொடாமல் தள்ளித் தள்ளிப் படித்தது.
கூடத் தள்ளியவர் ஒரு பல் வைத்தியர்.
எங்களுக்கு முன்னால் பிரேத வண்டி ஒன்று,
வெறுமையாக,
அதுவும் வரிசையில்.

இன்று மட்டக்களப்பு.
ஆஸ்பத்திரி இயந்திரத்துக்கு ஒரு சிறு பலகை,
பிஸ்கட் பெட்டி அளவு பொதி.
அங்கே நீல எண்ணெய் முடிந்துவிட்டதாம்,
போக வர இங்கிருந்தே நிரப்ப வேண்டும்.
போக ஒரு மணி ஐந்து, தென்மேல் காற்று முதுகில்.
வர ஒன்றே முக்கால், அதே காற்று முகத்தில்.
மலை மேகத்தைச் சுற்றப் பத்து நிமிடம்.
சட்டம் கேட்கும் மிகுதி.
பெயர் வைக்காத ஏதோ ஒன்றுக்கு இன்னும் ஐந்து.
பென்சிலால் எழுதி, அழித்து,
அதையே திரும்ப எழுதினேன்.

திரும்பும் வழியில், ஆயிரத்தைந்நூறு அடியில்,
பொல்கொடை வாவிக்கு மேலே
எஞ்சின் ஒரு சொல்லை விழுங்கியது.
பிறகு இன்னொன்று.
பிறகு விசிறி சுற்றியது காற்றுக்காக மட்டும்.

அறுபது நொட். மூக்கைத் தாழ்த்து.
ஓடுபாதை மூன்று மைல்,
என்னிடம் இருந்த உயரமோ இரண்டுக்கு.
இடப்பக்கம் மைதானம், வெள்ளைச் சட்டைகள், ஒரு பந்து,
ஒருவரும் மேலே பார்க்கவில்லை.
வேண்டாம்.
வயல், குறுக்கே மின்கம்பி.
வேண்டாம்.
தண்ணீர். சரி, தண்ணீர்.
கதவைத் திறந்து சப்பாத்தை இடையில் செருகினேன்,
விழுந்தபின் கதவு இறுகிவிடாமல்.

இத்தனைக்கும் நடுவே மனம்
எண்ணெயைத்தான் கூட்டிக் கழித்தது.
எந்த வரியில் பிழை? எந்த ஐந்தை விட்டேன்?
என் பிழையைத் தேடியே
முன்னூறு அடி தொலைத்தேன்.

பிறகு கை, என்னைக் கேளாமல்,
காபறேற்றர் சூட்டை இழுத்தது.

முப்பத்தொரு பாகை வெயில்.
உடுப்பு முதுகோடு ஒட்டும் கொழும்புக் காற்று.
அதற்குள், எஞ்சினின் தொண்டையில்,
பனிக்கட்டி.

இருமியது. தண்ணீரைக் கக்கியது.
அறுநூறு அடியில் பேசத் தொடங்கியது.
வள்ளத்தில் ஒருவன் துடுப்பை நிறுத்தி
கையை நெற்றிக்கு வைத்திருந்தான்.
அவன் முகம் தெரியுமளவு கீழே இருந்தேன்.

தரையில் மர்சூக் இறக்கைமேல் ஏறி
மூடியைத் திறந்து குச்சியை விட்டான்.
இரண்டிலுமாக இருபது லீற்றர், அந்த ஆறு நீங்கலாக.
என் கணக்கில் ஒரு சொட்டுப் பிழையில்லை.
"பிறகேன் மிஸ் கை நடுங்குது?"
பதிவேட்டில் எழுதினேன்:
எஞ்சின் தடுமாறியது, சூடு கொடுத்தேன், சரி.
வரியின் பாதி மிச்சம் இருந்தது.

தெஹிவளைப் பாலத்தில் ஓட்டோ விக்கியது.
என் கால் தானாக
இல்லாத மிதியை மிதித்தது.
சாரதி திரும்பவுமில்லை.
இருக்கைக்குக் கீழே கையை விட்டு
எதையோ திருகினான், ஓடியது.
"றிசேர்வ், மிஸ். வெள்ளவத்தை மட்டும் காணும்."

அந்தத் திருகு எங்கே என்று
இறங்கும்போது கேட்டேன்.
ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் காட்டினான்.
குனிந்து தொட்டேன்,
சின்னது, சூடு, பிசுக்கு.

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும்
இரவுச் சோற்றில் அந்த மணம்.